வரலாற்று ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் வட்டாரக் கருத்தாளர்: கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கான கேள்வி பதில்கள்

சமூக அறிவியலில் வரலாற்றுப் பகுதியை நடத்தும் ஆசிரியர்களுக்கு, சக ஆசிரியராக இருந்துகொண்டே கைகொடுக்க முன்வருபவர்களுக்கான பக்கம் இது. தென்பெண்ணையாற்றின் இருகரையிலும் உள்ள பள்ளிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கருத்தாளராக இல்லாத ஆசிரியர்களுக்கும் பாதிக்குமேல் பயன்படும்.

வரலாற்றுக் கருத்தாளர் என்பவர் யார்? ஆசிரியர் பயிற்றுநரிடமிருந்து எப்படி வேறுபடுகிறார்?

ஆசிரியர் பயிற்றுநர் வட்டார வள மையத்தில் முழுநேரப் பணியில் இருப்பவர். பள்ளிப் பார்வை, புள்ளிவிவரம், எல்லாப் பாடங்களுக்குமான பயிற்சி என அவருக்கு வேலைகள் பல. கருத்தாளரோ இன்றைக்கும் எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நின்று பாடம் நடத்துகிறவர். தன் வகுப்பில் செய்து பார்த்த ஒன்றை மட்டுமே மற்ற ஆசிரியர்கள் முன் வைப்பார். அவருடைய பலம் அதுதான்.

அவருக்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, கல்வெட்டு, நாட்குறிப்பு, வரைபடம், நாணயம் போன்ற சான்றுகளைத் தேடி வகுப்புக்கு ஏற்றபடி தயார் செய்வது. இரண்டாவது, கூட்டத்தில் ஆசிரியர்களே அதைச் செய்து பார்க்க வைப்பது. மூன்றாவது, பிறகு அவர்களுடைய வகுப்புக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பது. பெரும்பாலான இடங்களில் மூன்றாவது நடப்பதில்லை. அது நடக்காவிட்டால் முதல் இரண்டுக்கும் பயன் மிகக் குறைவு.

ஏற்கெனவே பயிற்சிகள் நடக்கின்றனவே. இது எதற்கு?

மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்கு நடக்கும் பயிற்சி மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து வட்டாரத்துக்கு இறங்கும். ஒவ்வொரு படியிலும் கைமாறுவது திரையில் காட்டும் பக்கங்கள் மட்டுமே. மாநிலப் பயிற்சியில் ஒரு மணி நேரம் பேசி விவாதித்த செய்தி வட்டாரத்தில் பத்து நிமிட விளக்கமாகச் சுருங்கிவிடும். அந்த விவாதத்தில் இருந்தவருக்குத்தான் அது ஏன் சொல்லப்பட்டது என்பது தெரியும். படத்தை மட்டும் பெற்றவருக்குத் தெரியாது.

இடம் சார்ந்த குறையும் உண்டு. மாநிலம் முழுமைக்கும் தயாரான பயிற்சியில் தேவனாம்பட்டினமும் பாகூரும் காட்டுமன்னார்கோயிலும் வராது. அதைச் சேர்க்க வேண்டியவர் உள்ளூர்க் கருத்தாளர்தான்.

யார் பொருத்தமானவர்? வரலாற்றில் முதுகலை கட்டாயமா?

கட்டாயமில்லை. குறைந்தது ஐந்தாறு ஆண்டு வகுப்பு அனுபவம், தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியர்கள் நடுவே சொல்லும் துணிவு, சொன்ன தேதியில் பிரதிகளோடு வந்து நிற்கும் ஒழுங்கு ஆகிய மூன்றும் போதும். நடுநிலைப் பள்ளிகளில் வேறு பாடம் படித்த ஆசிரியர்கள் சமூக அறிவியல் நடத்துவது சாதாரணம். அவர்களிடம் வரலாற்றறிவைக் காட்டிக்கொள்பவரைவிட, "இந்தப் பத்தியை எப்படி வாசிப்பது?" என்று கூட உட்கார்ந்து பார்ப்பவர்தான் அவர்களுக்குத் தேவை.

ஒருவருக்குப் பத்து முதல் பன்னிரண்டு பள்ளிகளுக்குமேல் வேண்டாம். மங்களூர் வட்டாரத்திலிருந்து வடலூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு வந்துபோவதற்கே ஒரு நாள் போய்விடும். மேற்கே தனியாக ஒருவர், கடற்கரை வட்டாரங்களுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது?

மூன்று மணி நேரம் போதும். 12 முதல் 16 ஆசிரியர்கள் இருந்தால் நான்கு பேர் கொண்ட குழுக்களாக உட்காரலாம். இருபதைத் தாண்டினால் பாதிப் பேர் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

முதல் 20 நிமிடம் போன கூட்டத்தில் எடுத்த பாடத்தைப் பற்றியது. ஒவ்வொருவரும் தன் மாணவர்களின் நோட்டுப் புத்தகம் மூன்றைக் கொண்டுவர வேண்டும்: நன்றாக எழுதியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, தடுமாறியது ஒன்று. அடுத்த 60 நிமிடம் புதிய சான்று ஒன்றை ஆசிரியர்கள் மாணவர்களைப் போலவே வாசித்து, கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். இங்கே அவசரம் கூடாது. தாங்களே திணறிய இடத்தில்தான் மாணவரும் திணறுவார் என்பதை ஆசிரியர் உணர்வது இந்த ஒரு மணி நேரத்தில்தான். தேநீருக்குப் பிறகு 50 நிமிடம், அதை 40 நிமிடப் பாடவேளைக்குள் எப்படி அடக்குவது என்று குழுவாகத் திட்டமிடலாம். மீதி நேரம் யார், எந்த வகுப்பில், எந்தத் தேதியில் எடுக்கிறார், கருத்தாளர் எப்போது வந்து பார்க்கலாம் என்று குறித்துக்கொள்வதற்கு.

அடிக்கடி கெடுவது எங்கே என்றால், வரவேற்பு, சிறப்புரை, குத்துவிளக்கு என்று முதல் ஒரு மணி நேரம் போய்விடுவதில். அதிகாரி வருவதாக இருந்தால் நிறைவுப் பகுதிக்கு அழையுங்கள். அப்போது அவர் பார்ப்பதற்கும் ஏதாவது இருக்கும்.

சான்றுத் தாள் தயாரிப்பது எப்படி?

ஒரு தாள், ஒரு பக்கம். மூல வாசகம் 100 முதல் 150 சொற்களுக்குள் இருக்கட்டும். எட்டாம் வகுப்புக்குக் கீழே என்றால் 60 போதும். எழுத்தளவு 14. மேலே யார் எழுதியது, எப்போது, யாருக்காக என்ற மூன்று வரி. கீழே அருஞ்சொற்பொருள், அதிகபட்சம் எட்டுச் சொற்கள். எட்டுக்குமேல் போனால் அந்தப் பகுதி அந்த வகுப்புக்குக் கடினம் என்று பொருள்; வேறு பத்தியைத் தேடுங்கள்.

கேள்விகள் நான்கு போதும். நேரடியாக எழுதியிருப்பது என்ன? எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்? இதை உறுதிசெய்ய வேறு எந்தச் சான்று வேண்டும்? பாடநூல் சொல்வதோடு இது ஒத்துப்போகிறதா?

வாசகத்தை உங்கள் நடையில் மாற்றி எழுதிவிட்டு மூலம் என்று கொடுக்காதீர்கள். சுருக்கினால் விட்ட இடத்தில் புள்ளியிட்டுக் காட்டுங்கள். இரண்டு மாணவருக்கு ஒரு பிரதி வீதம் எடுத்து, தாளைச் சேகரித்து வைத்தால் அடுத்த ஆண்டும் உதவும்.

இந்தப் பகுதியிலிருந்து எந்தச் சான்றுகளை எடுக்கலாம்?

நிறையவே இருக்கின்றன. வகுப்பில் நன்றாக நடக்கக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

எட்டாம் வகுப்பில் "ஐரோப்பியர்களின் வருகை" நடத்தும்போது கடலூரின் குண்டு கிராமங்களை எடுக்கலாம். 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தொலைவுக்கு உட்பட்ட ஊர்களும் சேர்ந்து கைமாறின. மாணவர்கள் வரைபடத்தில் கோட்டையை மையமாக வைத்து வட்டம் போட்டு, எந்தெந்த ஊர்கள் உள்ளே வரக்கூடும் என்று பேசட்டும். நல்ல பீரங்கியும் நல்ல பீரங்கிக்காரரும் இருந்தால் யாருக்கு லாபம் என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். அதே கோட்டைதான் 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்தது.

ஏழாம் வகுப்புச் சோழர் பாடத்துக்குக் காட்டுமன்னார்கோயிலின் உடையார்குடிக் கல்வெட்டு. பல்லவர் காலக் கல்விக்குப் பாகூர்ச் செப்பேடு: நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாகக் கொடுக்கப்பட்டதை அது சொல்கிறது. அந்தக் கல்விச்சாலையில் யார் படித்தார்கள், யாருக்கு இடமில்லாதிருந்திருக்கும் என்ற கேள்வியையும் தவறாமல் கேளுங்கள்.

புதுச்சேரிப் பள்ளிகளுக்கு எங்கள் முதல் தேர்வு, விடுதலை நாள் எது என்ற கேள்வி. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தனர். இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான். தேதிகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, எது உண்மையான விடுதலை நாள், ஏன் என்று இரண்டு பத்தி எழுதச் சொல்லுங்கள். எதிர்த்து வாக்களித்த எட்டுப் பேரின் காரணம் என்னவாக இருந்திருக்கலாம் என்பதும் நல்ல விவாதம். 1936 ஜூலை 30இல் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை இதற்கு முந்தைய பாடமாக வைத்தால், விடுதலைப் போராட்டம் தொழிலாளர் போராட்டத்தோடு எப்படிப் பின்னியிருந்தது என்பது புரியும்.

எல்லைக்கோடு என்ன செய்தது என்று காட்ட, பாரதியார் போதும். 1908 முதல் பத்தாண்டு புதுச்சேரியில் இருந்தவர், 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை வகுப்பில் பயன்படுத்த முடியுமா? தமிழ் கடினமாக இருக்கிறதே.

முடியும், ஆனால் சிறு துண்டாக. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும்) இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய அதில் கப்பல் வரவு, சரக்கு விலை, மழை, சண்டை, வீட்டு விசேஷம் எல்லாம் இருக்கின்றன. பேச்சுநடை என்பதால் முதலில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் புரியாத சொல் காதில் விழும்போது புரிந்துவிடும். ஆசிரியர் ஒருமுறை, மாணவர் ஒருமுறை, பிறகுதான் கேள்வி.

தேதியில் தடுமாற்றம் வரும். நாட்குறிப்பில் தமிழ் வருடப் பெயரும் மாதமும் உண்டு. அறுபது ஆண்டுச் சுற்றில் 1987 ஏப்ரலில் பிறந்தது பிரபவ. 240 ஆண்டு முன்னால் போனால் 1747ம் பிரபவ, 1748 விபவ. தை முதல் பங்குனிவரை ஆங்கில ஆண்டு ஒன்று கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

இன்னொரு சிக்கல்: 1752வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையே வைத்திருந்தனர், பிரெஞ்சுக்காரர் புதியதற்கு முன்பே மாறிவிட்டனர். இடைவெளி 11 நாள். 1746இல் சென்னை சரணடைந்த நாள் ஆங்கிலேய ஆவணத்தில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஆவணத்தில் செப்டம்பர் 21. இரண்டையும் பார்க்கும் ஆசிரியர் ஒன்று தவறு என்று முடிவுகட்டிவிடுவார். ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இதை விளக்கினால், சான்றை ஒப்பிடுவது என்றால் என்ன என்பது அந்த ஒரே பாடவேளையில் பிடிபடும்.

கல்வெட்டுப் பாடத்தில் மாணவர்கள் நாவலையும் திரைப்படத்தையும் கொண்டுவந்து பேசுகிறார்கள். எப்படிக் கையாள்வது?

தடுக்காதீர்கள், அந்த ஆர்வம் பெரிய முதலீடு. உடையார்குடிக் கல்வெட்டு "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனை"க் கொன்ற துரோகிகளைப் பெயர் சொல்கிறது. அவர்களும் உறவினர்களும் நிலத்தை இழந்ததைச் சொல்கிறது. கொலைக்குத் தூண்டியவர் யார் என்று சொல்லவில்லை. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, கல்வெட்டில் இருப்பது ஒரு பக்கம், கதையில் மட்டும் இருப்பது மறுபக்கம் என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். தலபுராணத்துக்கும் இதே வழிதான். பக்தியைப் புண்படுத்தத் தேவையில்லை. எது எந்தக் காலத்தில், யாரால் எழுதப்பட்டது என்று கேட்டால் போதும்.

ஆட்சியாண்டைக் கணக்கிடும்போது ஒன்று கூடிவிடும். முதலாம் ராஜராஜன் ஆட்சிக்கு வந்தது 985. இரண்டாம் ஆட்சியாண்டு என்றால் 985உடன் 2ஐக் கூட்டக் கூடாது. முதல் ஆண்டே ஒன்று என எண்ணப்படுவதால் 986இல் தொடங்கும் ஆண்டு அது.

சாதி, மதம் சார்ந்த பகுதிகளைத் தொடவே ஆசிரியர்கள் அஞ்சுகிறார்களே?

அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சிறுமைப்படுத்த வேண்டாம். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சு ஆட்சியில் இடிக்கப்பட்டதை நாட்குறிப்பு விரிவாகப் பேசுகிறது. இதை வகுப்பில் எடுக்கலாமா என்று கேட்பார்கள். பதினோராம் வகுப்புக்குக் கீழே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. எடுப்பதானால் முற்றுகைச் சூழல், முடிவெடுத்தவர்கள் யார், எழுதியவர் எந்த நிலையில் இருந்தவர் என்ற மூன்றையும் முதலில் வைத்துவிட்டுத்தான் வாசகத்துக்குள் போக வேண்டும். அன்றைய அதிகாரிகளின் செயலை இன்றைய வகுப்பில் அமர்ந்திருக்கும் எந்தப் பிள்ளையின் தலையிலும் ஏற்றக் கூடாது. இதைக் கருத்தாளர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லி, ஆசிரியர்கள் சொல்லப்போகும் முதல் மூன்று வாக்கியங்களை எழுதிப் பார்க்க வையுங்கள். வாய்க்கு வந்ததைப் பேசும்போதுதான் சிக்கல் வரும்.

தலைமை ஆசிரியருக்குத் தாளை முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

களப்பயணத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்கு நேராக அழைத்துப் போனால் பிள்ளைகள் ஏமாந்து திரும்புவார்கள். தோப்பும் ஆறும் பழைய செங்கல் சுவரும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சுவரை ரோமானியர் கட்டியது என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. அது 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவச் சபைக் கட்டடத்தின் மிச்சம். ஆகவே முதலில் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் மணிகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் பார்க்க வேண்டும், பிறகு மேட்டுக்குப் போக வேண்டும். 1945இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழாய்வில், காலம் தெரிந்த ரோமானியப் பானை ஓடுகள் உள்ளூர் ஓடுகளோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்தன. தென்னிந்திய ஓடுகளுக்குக் காலம் கணிக்க அதுவே பிடிமானமானது. இந்தத் தருக்கம்தான் பயணத்தின் பாடம். ஓடு எவ்வளவு பழையது என்பதல்ல.

தரையில் கிடக்கும் ஓட்டை எடுக்கக் கூடாது, தோண்டக் கூடாது என்று பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். கோயில் கல்வெட்டில் மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் தேய்க்கக் கூடாது, கல் பாழாகும். காலை எட்டரைக்குள் சாய்வெயிலில் போனாலோ, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலோ எழுத்து தானாக எழுந்து தெரியும்.

15 மாணவருக்கு ஓர் ஆசிரியர், பெற்றோர் கையொப்பம், குடிநீர், முதலுதவிப் பெட்டி. கடற்கரை, ஆற்றோரம் என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. டிசம்பர் மழைக்காலத்தில் தேதி வைக்க வேண்டாம்.

பயணத்துக்குப் பணமில்லை என்றால் ஊரிலேயே முதியவர்களைச் சந்திக்கலாம். ஒருவருக்கு 20 நிமிடம், ஐந்து கேள்வி, பதிவு செய்ய அனுமதி கேட்டே தொடங்க வேண்டும். பேச்சில் வரும் ஆண்டை அப்படியே எழுதாமல், தேதி தெரிந்த நிகழ்வுகளோடு பொருத்திப் பார்க்கட்டும். தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பற்றிக் கேட்பதானால், இழப்பு நேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் யார் என்று ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கடலூரில் மாநிலப் பாடத்திட்டம், புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ. சேர்ந்து வேலை செய்ய முடியுமா?

சோழர், ஐரோப்பியர் வருகை, தேசிய இயக்கம் ஆகியவை இரண்டிலும் உண்டு, வகுப்புதான் மாறும். அதனால் சான்றுத் தாளின் மேல் வகுப்பை அச்சிடாமல் பாடப்பொருளை மட்டும் அச்சிடுங்கள். புதுச்சேரியில் பாடம் ஆங்கிலத்தில், பிள்ளைகளின் பேச்சு தமிழில் என்பதால், வாசகமும் விவாதமும் தமிழில் இருந்து, விடையை ஆங்கிலத்தில் எழுதும் முறை நன்றாக நடக்கிறது.

தேர்வு மதிப்பெண்ணுக்கு இதனால் என்ன பயன் என்று தலைமை ஆசிரியர் கேட்டால்?

நியாயமான கேள்வி. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சான்றை வாசித்து விடை எழுதும் நான்கு மதிப்பெண் வினாக்களே இருக்கின்றன. அங்கே விளக்கம் தேவைப்படாது. மாநிலப் பாடத்திட்டத்தில் நேரடி வினாக்கள்தான் அதிகம் என்பதால், பத்தாம் வகுப்பில் இதைப் பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடவேளையோடு நிறுத்தி, ஆறு முதல் ஒன்பது வரை அழுத்தம் கொடுங்கள். ஜனவரிக்குப் பிறகு பத்தாம் வகுப்பு ஆசிரியரிடம் புதிதாக எதையும் கேட்காதீர்கள்.

வகுப்பில் போய் உட்காரும்போது என்ன செய்வது?

கடைசி வரிசையில் உட்காருங்கள், குறுக்கே பேசாதீர்கள். இரண்டை மட்டும் குறியுங்கள்: ஆசிரியர் கேட்ட கேள்விகள் அப்படியே, மாணவர்கள் சொன்ன விடைகள் அப்படியே. மதிப்பெண், நட்சத்திரம், படிவம் எதுவும் வேண்டாம். ஆய்வுக்கு வந்தவர் என்ற எண்ணம் வந்த நொடியில் ஆசிரியர் ஒத்திகை பார்த்த பாடத்தை நடத்தத் தொடங்கிவிடுவார். முடிந்ததும் 15 நிமிடம் தனியாகப் பேசுங்கள். "சார், நீங்க அந்த ரெண்டாவது கேள்வி கேட்டதும் அந்தப் பொண்ணு சொன்னதைக் கவனிச்சீங்களா?" என்று நடந்ததிலிருந்து தொடங்கினால் பேச்சு தானாக ஓடும். குறிப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அதிகாரிக்கு அனுப்பக் கூடாது.

அதிகம் காணும் குறை, கேள்வி கேட்டு மூன்று விநாடிக்குள் ஆசிரியரே விடை சொல்லிவிடுவது. பத்து எண்ணும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படி அறிவது?

நோட்டுப் புத்தகத்தில்தான். ஜூனில் எழுதியதையும் டிசம்பரில் எழுதியதையும் பக்கத்தில் வைத்து, "ஏனென்றால்", "ஆனால் இந்தச் சான்றில்", "உறுதியாகச் சொல்ல முடியாது" போன்ற தொடர்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வருகைப் பதிவேடும் பின்னூட்டப் படிவமும் கூட்டம் நடந்ததற்கு ஆதாரம், கற்றலுக்கு ஆகாது.

வாட்ஸ்அப் குழு வேண்டுமா?

வேண்டும், ஆனால் சான்றுத் தாளும் கூட்டத் தேதியும் மட்டும் போக வேண்டும். வணக்கப் படங்களுக்கு நடுவே தாள் காணாமல் போனால் யாரும் தேடமாட்டார்கள். "எங்கள் ஊர்தான் உலகிலேயே முதல்" வகைச் செய்தி வந்தால், ஆதாரம் என்ன என்று பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதையே அடுத்த கூட்டத்தில் ஆராயும் பொருளாக்குங்கள்.

ஓ.டி. (கூட்டத்துக்கு வந்த நாளைப் பணிநாளாகக் கணக்கிடும் அனுமதி) கிடைக்குமா? யாரிடம் அனுமதி வாங்குவது?

எழுத்தில் ஆணை இல்லாமல் பள்ளி நாளில் கூட்டம் வைக்காதீர்கள். வருகைப் பதிவில் சிக்கல் வருவது வந்த ஆசிரியருக்குத்தான். கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக, புதுச்சேரியில் பள்ளிக் கல்வி இயக்ககம் வழியாக, குறைந்தது மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். கடிதத்தில் தேதி, இடம், ஆசிரியர் பட்டியல், நிகழ்ச்சி நிரல் நான்கும் இருக்க வேண்டும். அருகருகே உள்ள பள்ளிகளுக்கான குறுவள மையக் கூட்ட நாளிலேயே ஒன்றரை மணி நேரம் கேட்டு வாங்குவது இதைவிட எளிது.

கருத்தாளர் இடமாறுதலில் போய்விட்டால்?

கலந்தாய்வு வந்தால் இது நடக்கும். அதனால் தொடக்கத்திலிருந்தே இருவராகப் பொறுப்பேற்பது நல்லது. சான்றுத் தாள்கள், அவை எந்தப் பள்ளியில் எப்போது எடுக்கப்பட்டன, எந்தக் கேள்வி வேலை செய்யவில்லை என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அதன் நகலை வட்டார வள மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.